பொட்டாசியத்துக்கு நான் போட்ட ஒன்பது புள்ளி

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் எனக்கு நாற்பத்து மூன்று வயது வரை இருந்ததில்லை. அதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் திருவொற்றியூரில் பத்தாவது படித்துக்கொண்டிருந்த பதினோரு பெண்கள். அவர்களில் ஒருத்தி என் மனைவி.

செல்வி ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவள். அங்கன்வாடி வேலைக்குப் பத்தாவது பாஸ் வேண்டும் என்றதும், தனித்தேர்வு எழுதக் கிளம்பிவிட்டாள். எங்கள் தெருவில் மேரி டீச்சர் தன் வீட்டு மாடியில் பெண்களுக்காக நடத்திய வகுப்பில் சேர்ந்தாள். நான் எண்ணூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். பிளஸ் டூ கெமிஸ்ட்ரியில் இருநூற்றுக்கு நூற்று எழுபத்தெட்டு. (கேட்காதவர்களுக்கும் சொல்வேன். எங்கள் கல்யாணத்தில் சமையல்காரரிடம்கூடச் சொல்லியிருக்கிறேன்.)

ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், தரையில் உட்கார்ந்து அணுவுக்குள் எலக்ட்ரான்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்று படம் வரைந்துகொண்டிருந்தாள். காம்பஸ் கிடையாது. மருந்து பாட்டில் மூடி, வளையல், ரசக் கிண்ணம், டிபன் பாக்ஸ் மூடி என்று ஒன்றைவிட ஒன்று பெரிதாக வைத்து வட்டம் போட்டிருந்தாள். வட்டங்களின் மேல் எலக்ட்ரான் புள்ளிகள். அழகாகத்தான் இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை.

"பொட்டாசியத்துக்கு இன்னா போட்டுக்கீற?"

"பத்தொம்போது எலக்ட்ரான். ரெண்டு, எட்டு, எட்டு, ஒண்ணு."

"தப்பு. மூணாவது வட்டத்துல பதினெட்டு வரைக்கும் புடிக்கும். எடம் காலியா கீறப்ப நாலாவது வட்டம் எதுக்கு? ரெண்டு, எட்டு, ஒம்போது."

"டீச்சர் இப்டித்தான்யா போட்டாங்க. கைடுலயும் இப்டித்தான் கீது."

"கைடுல அச்சுப்பிழை. ஒம்போதாங்கிளாஸ் படிச்சவளுக்கு இதெல்லாம் எங்க புரியப் போவுது?"

அவள் ரப்பரை எடுத்து வெளிவட்டத்தை அழித்தாள். கால்சியத்தை நானே திருத்திக் கொடுத்தேன்.

மறுவாரம் டெஸ்ட் பேப்பர் வந்தது. இரண்டு படத்துக்கும் சிவப்பு மையில் குறுக்குக் கோடு. எனக்கு ரத்தம் கொதித்தது. (தவறு என் மேல் இருக்கலாம் என்று ஓர் எலக்ட்ரான் அளவுக்குக்கூடத் தோன்றவில்லை.)

"நான் வந்து கேக்கறேன்."

"வோணாம்யா. அசிங்கமா பூடும்."

ஞாயிற்றுக்கிழமை, இஸ்திரி போட்ட சட்டையில் மாடியேறினேன். "வாங்க சார்" என்ற மேரி டீச்சரிடமிருந்தே சாக்பீஸை வாங்கி, பலகையில் மூன்று வட்டம் போட்டு, வெளிவட்டத்தில் ஒன்பது புள்ளிகளை அழுத்தி வைத்தேன். "இதுல எங்க தப்பு? சொல்லுங்க!"

டீச்சர் பின்வரிசையைப் பார்த்தார். "தனம், நீ சொல்லும்மா."

எழுந்தது எங்கள் தெருவில் மீன் விற்கும் தனம் அக்கா.

"அண்ணாத்த, மூணாவது வட்டம் பதினெட்டு புடிக்கும், வாஸ்தவந்தான். ஆனா கடைசி வட்டமா இருந்தா எட்டுக்கு மேல நிக்காது. மிச்சம் அடுத்த வட்டத்துக்குப் பூடும்."

பிளஸ் டூவில் நான் விட்ட இருபத்திரண்டு மார்க் எங்கே போனது என்று அப்போதுதான் புரிந்தது.

"செல்வி வகுப்புல சரியாத்தான் போடுவா," என்றார் டீச்சர் மெதுவாக. "டெஸ்ட்ல மட்டும் ஏன் மாத்துனான்னு நானும் யோசிச்சுட்டே இருந்தேன்."

மொத்த வகுப்பும் செல்வியைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. பிறகு சிரித்தது. சிரிக்காதவள் அவள் ஒருத்திதான். தலையைக் குனிந்து பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள். ஏற்கனவே கூராக இருந்த பென்சில். அந்தச் சிரிப்பைக்கூட மறந்துவிடலாம். அந்தப் பென்சில் இன்றும் என்னைக் குத்துகிறது.

வீட்டுக்கு நடக்கும்போது, "தப்பா சொல்லிக் குடுத்துட்டேன்" என்றேன்.

"அத்த வுடு. ஒம்போதாங்கிளாஸ்னு சொன்ன பாரு, அதான்யா பேஜாரா பூட்சு."



செல்வி பாஸாகி, இப்போது அங்கன்வாடியில் வேலை பார்க்கிறாள். தனம் அக்கா மீனோடு சேர்த்துக் கதையையும் வீடு வீடாகக் கொடுத்ததில் எனக்குப் பொட்டாசியம் என்று பெயர் நிலைத்துவிட்டது. போன மாதம் செல்வியின் தம்பி தன் மகள் நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளையிடம், "இவுருதான் எங்க பொட்டாசியம் மாமா" என்று அறிமுகப்படுத்தினான்.

கதை அங்கேயும் போயிருக்கிறது. மாப்பிள்ளை கைகூப்பி, "ரெண்டு, எட்டு…" என்று இழுத்து நிறுத்தினார்.

பந்தலே என் வாயைப் பார்த்தது.

"எட்டு, ஒண்ணு" என்றேன்.

"பாஸு" என்றாள் செல்வி.