முடிவு வரும் முன்னே வைத்த பேனர்

மதிப்பிற்குரிய அழகர்சாமி மாமாவுக்கு,

ஸ்ரீரங்கத்திலிருந்து ரஞ்சனி. அம்மாவும் நானும் நலம். என் விஷயத்தில் அது உடம்பை மட்டும் குறிக்கும். உங்கள் அரிசி மில்லில் அனைவரும் சௌக்கியம் என நம்புகிறேன். போனில் பேசினால் ஸ்பீக்கரில் போட்டுவிடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

ஜெர்மன் இலக்கியத்தில் ஆறு வருடம் ஆராய்ச்சி செய்தேன். முனைவர் பட்டத்துக்குக் கடைசிப் படி வாய்மொழித் தேர்வு. அதற்கு யார் வேண்டுமானாலும் வரலாம் என்று அழைப்பிதழில் போடுவது பல்கலைக்கழக வழக்கம். யாரும் வராமலிருப்பதும் வழக்கம். இரண்டாவதை உங்களிடம் சொல்லாமல் விட்டது என் தவறு. அதற்காக மண்ணச்சநல்லூரிலிருந்து வேனில் முப்பது பேரா? அதுகூடப் போகட்டும், தேர்வு தொடங்கும் முன்பே கல்லூரி வாசலில் 'முனைவர் ரஞ்சனி' என்று பத்தடி பேனர்! அதில் ஏன் மாமா என் படம் கறுப்பு வெள்ளையில் என்று கேட்டால், "ஜெர்மன்காரங்களுக்கு ஆடம்பரம் ஆகாதாமே பாப்பா" என்கிறீர்கள். சுற்றிலும் ரோஜாப்பூ வேறு. தேர்வாளர் புனேக்காரர், தமிழ் படிக்கத் தெரியாது. நான் இறந்துவிட்டேன் என்றே முடிவுகட்டி, என் நெறியாளர் ஜஹானாரா மேடத்திடம் "இந்தச் சின்ன வயதிலா!" என்று கண்கலங்கியிருக்கிறார். அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் பாட்டிலோடு நான் உள்ளே நுழைந்தேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் என் தண்ணீர் பாட்டிலை வாங்கி முழுவதையும் குடித்தார்.

என் தலைப்பு, போருக்குப் பிந்தைய ஜெர்மன் சிறுகதைகளில் மௌனம். பின்வரிசைக்கு நீங்கள் அதை விளக்கியது மைக்கிலேயே கேட்டது: "சண்டை ஓஞ்சப்புறம் வாயே தொறக்காதவங்களப் பத்திப் பாப்பா எழுதியிருக்கு. நம்ம தமிழ்மணி மச்சான் மாதிரி." உடனே தமிழ்மணி சித்தப்பா எழுந்து, "நான் எப்பய்யா சண்டை போட்டேன்?" அந்தக் களேபரத்தில் தேர்வாளர், "இந்தப் பாத்திரங்கள் ஏன் பேசுவதில்லை?" என்று ஆங்கிலத்தில் கேட்க, எனக்கு ஒரு வார்த்தை வரல. "பாப்பா, தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லிடு, சார் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாரு"ன்னு எழுந்து நின்னு சொன்னீங்களே, நியாயமா மாமா? எனக்குத் தெரியும்! வந்த கோபத்துல முக்கால் மணி நேரம் மூச்சு விடாம பதில் சொன்னேன். கடைசியில பார்வையாளர் கேள்வி கேட்கலாம்னதும் நீங்க கேட்டீங்க பாருங்க: "பாஸா ஃபெயிலா, ஒரே வார்த்தையில சொல்லிட்டீங்கன்னா நாங்க வண்டிய எடுத்துருவோம்." முடிவை எழுத்தில் அனுப்புவதாகச் சொல்லிவிட்டுத் தேர்வாளர்தான் முதலில் வண்டி எடுத்தார். நாலு நாளாக அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே இனி என் படிப்பு, வேலை சம்பந்தமான எதற்கும் தயவுசெய்து வர வேண்டாம். அத்தைக்கு என் வணக்கம். நீங்கள் நீண்ட காலம் நலமாக, மண்ணச்சநல்லூரிலேயே, இருக்க அரங்கனை வேண்டுகிறேன்.

அன்புடன்,
ரஞ்சனி

பி.கு.: கவரை ஒட்டும்போது மேடம் கூப்பிட்டார். பட்டம் கிடைத்துவிட்டது மாமா. தன் முப்பது வருட அனுபவத்தில் பார்வையாளர்கள் வந்து, ஒருவர்கூடப் பாதியில் எழுந்து போகாத தேர்வு இது ஒன்றுதான் என்று தேர்வாளர் தனியாக ஒரு வரி எழுதியிருக்கிறாராம். அதைக் கேட்டு வெகுநேரம் அழுதேன்; யாரிடமும் சொல்ல வேண்டாம். வியாழக்கிழமை துவாக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் வேலைக்கு நேர்காணல். உள்ளே யாரையும் விடமாட்டார்கள். வாசலில் பெரிய வேப்பமரம் இருக்கிறது, முப்பது பேர் தாராளமாக நிற்கலாம்.