தாம்பரத்து ஈக்வடார்

ஈக்வடார் நாட்டுக்காக அந்த நாட்டு ஜனாதிபதிகூட இவ்வளவு சண்டை போட்டிருக்க மாட்டார். எங்கள் ஆபீசில் ஒருவர் போட்டார். அவர் பாஸ்போர்ட் எடுத்தவர் இல்லை. மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. உலக வரைபடத்தில் ஈக்வடாரைக் காட்டுங்கள் என்று ஒருமுறை கேட்டேன். ஆப்பிரிக்காவில் விரலை வைத்தார். ஆனால் அந்த நாட்டைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறைத்துப் பேசிவிட்டால் போதும், ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு முழுக்கைச் சட்டையை மடிக்க ஆரம்பித்துவிடுவார்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் சம்பள ரிஜிஸ்தரில் பத்திரமாக இருந்தது. எங்களுக்கு அவர் ஈக்வடார் அண்ணா.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு பேக்கரிக்கு மேலே மாடியில் எங்கள் ஆபீஸ். மொத்தம் பன்னிரண்டு பேர். வெளிநாட்டிலிருந்து ஒலிப்பதிவுகள் வரும். காலால் பெடலை மிதித்து ஓடவிட்டு, நிறுத்தி, கேட்டுக் கேட்டு டைப் அடித்து அனுப்ப வேண்டும். அங்கே ஒரு டாக்டர் முணுமுணுத்தால் இங்கே அது எழுத்தாகும். நான் பிழை திருத்துகிறவன். அண்ணா டைப்பிஸ்ட். அதற்கு முன்னால் பதினைந்து வருஷம் பத்திரப்பதிவு ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து கிரயப்பத்திரம் அடித்தவர். அந்தப் பழக்கம் அவர் விரலை விட்டுப் போகவே இல்லை. நோயாளிக்கு இடது முழங்காலில் வலி என்று டாக்டர் சொன்னால், 'மேற்படி நோயாளியின் மேற்படி இடது முழங்கால்' என்று ஆங்கிலத்தில் அடிப்பார். முழங்காலுக்கு வடக்கே என்ன, தெற்கே என்ன என்று எழுதாமல் விட்டாரே என்று நான் திருப்திப்பட்டுக்கொள்வேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பெரிய வேலை வந்தது. அமெரிக்காவில் ஒரு பேராசிரியை, நியூயார்க்கில் பிழைக்க வந்த மெக்சிகோக்காரர்களையும் ஈக்வடார்காரர்களையும் வீடு வீடாகப் போய்ப் பேட்டி எடுத்திருந்தார். என்ன வேலை, எவ்வளவு வாடகை, ஒரே வீட்டில் எத்தனை பேர், ஊருக்குப் பணம் அனுப்புகிறார்களா, வருவதற்குக் கடன் வாங்கினார்களா என்று வரிசையாகக் கேள்விகள். மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொல்லுவதைக் கேட்டு நாங்கள் டைப் அடித்து, பதில்களைக் கட்டம் கட்டமாக நிரப்பித் தர வேண்டும். இரண்டு கூட்டத்தில் யார் நிலைமை எப்படி என்று பேராசிரியை ஒப்பிட்டுப் பார்ப்பார்.

எங்கள் முதலாளி ஆபீசை இரண்டாகப் பிரித்தார். மெக்சிகோவுக்கு ஸ்டெல்லா அக்கா தலைமை. சேலையூர்க்காரர், முன்னாள் கணக்கு டீச்சர், தப்பாகக் கூட்டுகிறவர்களை இன்றும் மன்னிக்காதவர். ஈக்வடாருக்கு அண்ணா.

பேட்டியில் யாருக்கும் பெயர் கிடையாது, நம்பர்தான். அண்ணாவுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. ஒரே வாரத்தில் நம்பர்களெல்லாம் அவருக்குச் சொந்தக்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

"தம்பி, நம்ம ஒன்பதாம் நம்பரு கீறாரே, கட்டட வேலை செய்றவரு, அவருக்கு முதுகு புட்ச்சுக்குச்சாம்" என்பார் காலையில் வந்ததும். முகம் வாடியிருக்கும். இரண்டு நாள் கழித்து அதே நம்பரின் அடுத்த பதிவில், அவர் தேறி ஒரு பழைய வேன் வாங்கிவிட்டார் என்று வந்தது. அண்ணா எழுந்து நின்று கைதட்டினார். கீழே பேக்கரிக்கு இறங்கிப் போய் எல்லோருக்கும் வெஜிடபிள் பஃப்ஸ் வாங்கி வந்தார்.

ஸ்டெல்லா அக்கா விடுவாரா? மறுநாள் மெக்சிகோ இருபத்திரண்டாம் நம்பரின் மகளுக்குக் காலேஜில் இடம் கிடைத்தது. மாலையே ஆபீசில் பிளம் கேக். அந்த மூன்று மாதத்தில் நியூயார்க்கில் நடந்த அத்தனை நல்ல காரியங்களுக்கும் தாம்பரத்தில் நாங்கள் தின்று தீர்த்தோம்.

மதியச் சாப்பாட்டு நேரம் போர்க்களம்.

"உங்க மெக்சிகோக்காரங்களுக்கு இன்னாம்மா கஷ்டம்? பக்கத்து நாடு. செவுரேறி குதிச்சா அமெரிக்கா. எங்காளுங்க எத்தினி நாட்டத் தாண்டி வந்துகினுகீறாங்க தெரியுமா? வர்ற வழிச் செலவுக்கு வாங்குன கடனே கழுத்தப் புடிக்குது!"

"அண்ணா, எங்க ஆளுங்க ஓட்டல்ல பாத்திரம் கழுவறாங்க. உங்க ஆளுங்க பாதிப் பேருக்குக் கட்டட வேலை தெரியும், தையல் தெரியும். கைத்தொழில் இருக்கிறவங்க எப்படியும் மேல வந்துடுவாங்க."

"கைத்தொழிலு இருந்தா கடன் தானா அடைஞ்சுடுமா?"

ஒருநாள் அக்கா ஓர் அணுகுண்டை வீசினார். ஈக்வடாரில் உள்ளூரிலேயே டாலர் நோட்டுதான் செல்லும் என்பதை எங்கேயோ படித்துவிட்டு வந்திருந்தார். "அண்ணா, உங்க ஊர்லயே டாலர்தான். அப்புறம் டாலர் சம்பாதிக்க எதுக்கு அமெரிக்கா போனாங்க?"

அண்ணா வாயருகே போன தயிர்சாதத்தைத் திரும்ப டப்பாவில் வைத்தார். மறுநாள் லீவு. அதற்கு மறுநாள் வந்து, பையைக்கூட வைக்காமல் நேராக அக்காவிடம் போனார்.

"ஸ்டெல்லாம்மா, தாம்பரத்துல இன்னா நோட்டு?"

"ரூபா."

"பெங்களூருல?"

"ரூபாதான்."

"அப்பால இன்னாத்துக்கு உன் பொண்ண வேலைக்கு பெங்களூருக்கு அனுப்சே?"

ஆபீஸ் கைதட்டியது. அக்காவும் சிரித்துவிட்டார். இந்தப் பதிலைக் கண்டுபிடிக்கத்தான் ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார் மனிதர்.

ஆனால் ஒரு கேள்விக்கு அவராலும் பதில் கண்டுபிடிக்க முடியவில்லை. ஈக்வடார் நம்பர்களில் பலபேர், நியூயார்க்கில் ஒரே அறையில் ஆறு பேர் நெருக்கிப் படுத்துக்கொண்டு, சம்பாதித்ததை ஊருக்கு அனுப்பி அங்கே இரண்டு மாடி வீடு கட்டினார்கள். அந்த வீட்டில் இருக்க ஆளே கிடையாது. "இது என்ன புத்திசாலித்தனம்?" என்றார் ஸ்டெல்லா அக்கா. அண்ணாவுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு திருமுடிவாக்கத்துக்குக் கிளம்பினார். அங்கே பட்டறைகளில் வடக்கேயிருந்து வந்தவர்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள், அவர்களைக் கேட்டால் தெரியும் என்பது அவர் திட்டம். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா, கையில் அட்டை, அட்டையில் பேராசிரியையின் கேள்வித்தாள். தகரக் கொட்டகை ஒன்றின் வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்த பீகார்க்காரர்கள் எங்களைப் பார்த்ததும் பக்கெட்டோடு உள்ளே போய்விட்டார்கள்.

அண்ணா தன் இந்தி முழுவதையும் திரட்டி, கொட்டகையைப் பார்த்துக் கத்தினார். "பாயி! ஏக் ரூம்! கித்னா ஆத்மி?"

ஒரு ரூமில் எத்தனை பேர் என்று கேட்கிறாராம். ஒருத்தர் தலையை நீட்டி, ரூம் காலி இல்லை என்று கை ஆட்டினார். வாடகைக்கு இடம் தேடி வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார்கள். அடுத்த கொட்டகையிலிருந்து லேத் பட்டறையில் வேலை செய்யும் ஓர் ஒடிசாக்காரர் வந்து எங்களைக் காப்பாற்றினார். முப்பது வயது இருக்கும். எட்டு வருஷமாக இங்கே இருக்கிறாராம்.

"இன்னா அண்ணா, சென்சஸா?" என்றார்.

தமிழைக் கேட்ட ஆனந்தத்தில் அண்ணா அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பிறகு அட்டையை நீட்டி ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார். பக்கத்துக் கொட்டகை பீகார்க்காரர்களுக்கு இங்கே ஏற்கெனவே நிறைய உறவுக்காரர்கள். புதிதாக ஒருத்தன் ரயிலை விட்டு இறங்கினால் மறுநாளே வேலை. இவர் வந்தபோது இவருக்கு ஒருத்தரையும் தெரியாது. அண்ணா என் பக்கம் திரும்பிக் கிசுகிசுத்தார். "பாத்தியா? அவங்க மெக்சிகோ. இவரு நம்மாளு."

கடைசியாக வீட்டுக் கேள்வி. அந்த மனிதர் போனில் ஒரு போட்டோ காட்டினார். வயலுக்கு நடுவில் ரோஸ் கலர் வீடு. கதவில் பூட்டு.

"யாரு கீறாங்க இதுல?"

"யாரும் இல்ல அண்ணா. அம்மா தம்பியோட கீது. நான் இங்க கீறேன்."

"அப்பால ஏம்ப்பா கட்னே?"

"அண்ணா, நான் ஊர்ல இல்ல. எட்டு வருஷம். இந்த வூடு இல்லன்னா என்னை யாரு நெனைப்பாங்க? ரோட்ல போறவன் கேப்பான், இது யாரு வூடுன்னு. அப்போ என் பேரு சொல்வாங்க."

அண்ணா கேள்வித்தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டார். அன்று அவர் கொட்டகையில் போட்ட சோறும் பருப்பும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டுவிட்டுத்தான் திரும்பினோம். மறுநாள் ஸ்டெல்லா அக்காவிடம் போய், சட்டையை மடிக்காமல், மெதுவாகச் சொன்னார்: "அந்த வூடு ஒண்ணும் காலியா இல்லம்மா."

வேலை முடிகிற வாரத்தில்தான் அந்தத் தகராறு நடந்தது. வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் அனுப்பியாக வேண்டும். புதன்கிழமை காலை அண்ணா பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

காரணம், ஈக்வடார் பதினேழாம் நம்பர் அம்மாள். விடிவதற்குள் எழுந்து சோளமும் கிழங்கும் சமைத்து, வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய் ரயில் நிலைய வாசலில் விற்கிறவர். ஆனால் எங்களுக்குக் கொடுத்திருந்த பட்டியலில் கடை, ஓட்டல், கட்டடம், தொழிற்சாலை என்று நாலைந்து வேலைகளுக்குத்தான் கட்டத்தில் போட எண் இருந்தது. அதில் வராதவர்களுக்கெல்லாம் பூஜ்யம். பூஜ்யம் என்றால் 'வேலை இல்லை'.

முதலாளி ஓடி வந்தார். "அண்ணா, பட்டியல்ல இல்லாததை நாம எப்படி அடிக்க முடியும்? ஜீரோ போட்டுட்டுப் போங்களேன்."

"எப்டி சார் போடுவேன்? அந்தம்மா நின்னுகினே விக்குது. மழையில நிக்குது. பனியில நிக்குது. வேலை இல்லன்னு என் கையால அடிக்கச் சொல்றீங்களே!"

"நமக்கு எதுக்குண்ணா அந்தப் பேஜார்? நாம டைப்பிஸ்ட்."

"பதினஞ்சு வருஷம் பத்திரம் அடிச்சேன் சார். ஒரு கிணத்த உட்டுட்டு அடிச்சா கூட நாளைக்கு கேஸ் வந்துடும். இது ஒரு மனுஷி."

முதலாளியின் முகம் சிவந்தது. முடியாதென்றால் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார். அண்ணா எழுந்து டிபன் டப்பாவைப் பையில் வைத்தார். அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பத்திரமெல்லாம் கம்ப்யூட்டருக்குப் போன பிறகு, இந்த வேலை கிடைக்கவே இரண்டு வருஷம் அலைந்தவர்.

அப்போது ஸ்டெல்லா அக்கா எழுந்தார்.

"சார், என்கிட்டயும் ஒண்ணு இருக்கு. மெக்சிகோ அஞ்சாம் நம்பர். அக்கம்பக்கத்துக் குழந்தைங்க மூணு பேரை வீட்டில வச்சுப் பார்த்துக்கறா. சம்பளம் வாங்கறா. நான் போன வாரம் ஜீரோ போட்டுட்டேன். அன்னியிலேருந்து எனக்கு மனசே சரியில்லை. அண்ணா போனா நானும் போறேன்."

மெக்சிகோவும் ஈக்வடாரும் கையிலிருந்த பையோடு பக்கத்துப் பக்கத்தில் நின்றன. இரண்டு நாளில் அனுப்ப வேண்டிய வேலை. முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். "சரி, அந்தப் பேராசிரியைக்கு ஒரு மெயில் போட்டுத் தொலைங்க. அவங்க கோவிச்சுக்கிட்டா ஆபீசை மூடிட வேண்டியதுதான்."

அண்ணா தானே அடிப்பேன் என்றார். நான் திருத்தப் போனேன், கையைத் தட்டிவிட்டார். அந்த மெயில் ஒரு முழுக் கிரயப்பத்திரம். மேற்படி அம்மாள் மேற்படி ரயில் நிலையத்தின் கிழக்கு வாசலில் எவ்வித வில்லங்கமுமின்றி மேற்படி வியாபாரத்தைச் செய்து அனுபவித்து வருகிறார் என்றும், அவருக்குப் பூஜ்யம் போட எங்களுக்கு உரிமையில்லை என்றும், கீழே இரண்டு சாட்சிகள் என்றும் இருந்தது. முதல் சாட்சி ஸ்டெல்லா அக்கா. இரண்டாவது நான்.

மறுநாள் காலை பதில் வந்திருந்தது. முதலாளி அதை நின்றுகொண்டே படித்தார். நீங்கள் சொல்வது சரி, இந்தத் தவறு எங்களுடையது, வீட்டிலிருந்தும் தெருவிலும் சம்பாதிக்கிறவர்களுக்குத் தனி எண் தருகிறேன், இரண்டு நாட்டுப் பேட்டிகளையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும், கூடுதல் அவகாசமும் அதற்கான கட்டணமும் உண்டு என்று பேராசிரியை எழுதியிருந்தார். மேற்படி அம்மாளை நேரில் பார்த்து விஷயத்தைச் சொல்வதாகவும் கடைசியில் ஒரு வரி.

முதலாளி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். "நான் அப்பவே சொன்னேன் இல்ல?" என்றார்.

பிறகு மூன்று வாரம் எல்லாக் கட்டங்களையும் திருப்பி நிரப்பினோம். பூஜ்யம் பூஜ்யமாக இருந்த பெண்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் எழுந்து வந்தார்கள். தைக்கிறவர், பலகாரம் விற்கிறவர், குழந்தை பார்ப்பவர், வீட்டிலேயே முடி வெட்டுகிறவர். எல்லாம் சேர்ந்ததும் இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் எங்கள் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அண்ணாவுக்கும் அக்காவுக்கும் அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான். கடைசிப் பக்கத்தை அனுப்பிய அன்று அண்ணா பஃப்ஸ் வாங்கப் போனார், அக்கா கேக் வாங்கப் போனார், படிக்கட்டில் இருவரும் முட்டிக்கொண்டார்கள்.

இப்போது அந்த ஆபீஸ் இல்லை. ஒலிப்பதிவைக் கம்ப்யூட்டரே கேட்டு அதுவே அடித்துவிடுகிறது. ஸ்டெல்லா அக்கா கேளம்பாக்கத்தில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறார். எனக்குப் பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை. போன மாதம் அண்ணா போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் திருமுடிவாக்கத்தில் ஒரு டீக்கடை ஓரம் மேஜை போட்டு, வெளியூர்த் தொழிலாளர்களுக்கு பேங்க் பாரம், ஆதார் பாரம் எல்லாம் நிரப்பித் தருகிறாராம். வந்து பார் என்றார்.

போனேன். மேஜையைச் சுற்றி இருபது பேர். முன்பைவிட மெலிந்திருந்தார், முழுக்கைச் சட்டை தொளதொளவென்று இருந்தது. இந்தி மட்டும் அப்படியேதான் இருந்தது. எல்லோரும் அவருக்குத் தமிழில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பேனாவைக் கீழே போட்டார். பக்கத்தில் இருந்தவரை எழுப்பி எனக்கு ஸ்டூலைக் காலி பண்ணினார். காலடியில் இருந்த பையிலிருந்து டிபன் டப்பாவை எடுத்துத் திறந்துகொண்டே கேட்டார்.

"இன்னா தம்பி, சாப்ட்டியா?"

வீட்டில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன். இல்லண்ணா என்றேன்.