டிராமுக்குக் கை தட்டிய கனவான்கள்

லிவர்ப்பூல்,
16 மார்ச் 1899

மரியாதைக்குரிய அத்தான் கத்பர்ட் பாதிரியார் அவர்களுக்கு, மைத்துனன் ஆம்ப்ரோஸ் ஃபசாகர்லி பணிவுடன் எழுதிக்கொள்வது. உங்கள் மூட்டுவலி குறைந்திருக்கும், அக்கா மார்ஜரியின் கோழிகள் மறுபடி முட்டையிடத் தொடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே எனக்கும் மனைவி வினிஃப்ரெட்டுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை; பேச்சுவார்த்தைதான் இல்லை.

அரை மைல் தள்ளி, மிஸஸ் பியூவின் சலவைக்கூடத்து மாடியில் மின்சாரத் தீப்பொறி எழுப்பினால், நடுவே கம்பியே இல்லாமல் கல்லூரியில் என் அறை மணி அடிக்க வேண்டும்; இதற்காகத்தான் மூன்று வருடமாகக் கண்ணாடிக் குழாயில் இரும்புத் தூளை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அலை வந்து தொட்டதும் தூள் ஒட்டிக்கொள்ளும், மின்சாரம் பாயும், மணி அடிக்கும்; குழாயைத் தட்டித் தூளை உதிர்த்தால்தான் அடுத்த அலைக்குத் தயாராகும். ஆனால் தெருவில் புதிதாக விட்டிருக்கும் மின்சார டிராமிலிருந்து பொறி பறந்தாலும் அந்தப் பாழாய்ப்போன மணி அடிக்கிறது. போன மாதம் அதைக் கேட்டு வகுப்பு முடிந்ததென்று லத்தீன் பாடத்திலிருந்து அறுபது பேர் எழுந்து போய்விட்டார்கள். அன்றிலிருந்து லத்தீன் பேராசிரியர் என் அறையைக் காலி செய்யச் சொல்லி மனுப் போட்டுக்கொண்டே இருக்கிறார்.

கடைசியில் நிர்வாகக் குழு செவ்வாய்க்கிழமை பரிசோதனை வைத்தது. மணி அடித்தால் அறை எனக்கு, இல்லாவிட்டால் அவருக்கு. சரியாகப் பதினொன்றுக்கு வினிஃப்ரெட் சலவைக்கூடத்தில் பொத்தானை அழுத்திப் பொறி எழுப்புவதாக ஏற்பாடு. பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே மணி கணகணவென்று அடித்தது! குழுத் தலைவர் ஹிண்ட்லி எழுந்து, "பிரமாதம்யா!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எல்லாரும் கை தட்டினார்கள். வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். மனசு கேட்கவில்லை.

"மன்னிக்கணும், இது அலை இல்லீங்க, டிராம்," என்றேன்.

"அப்ப நாங்க டிராமுக்கா கை தட்டினோம்?" என்றார் ஹிண்ட்லி.

"ஆமாங்க."

கடிகாரத்தில் பதினொன்று ஆனது. என் மணி அடிக்கவில்லை. பதினொன்றேகாலுக்கு எல்லாரும் தொப்பியை எடுத்துக்கொண்டார்கள். மாதக் கடைசிக்குள் அறையைக் காலி செய்ய உத்தரவு. வீட்டுக்கு வந்து, "ஒரு பொத்தானை அழுத்தத் தெரியலையா உனக்கு?" என்று கேட்டுவிட்டேன். அதோடு அவள் வாய் மூடியதுதான்.

ஆனாலும் நான் விடுவதாயில்லை அத்தான். வாலசியில் உங்கள் ஆலயக் கோபுரத்தை ஒருநாள் கொடுங்கள். மின்சார டிராமே இல்லாத ஊர். மெர்ஸி ஆற்றைத் தாண்டி அலையை அனுப்பிக் காட்டுகிறேன். அறை போனால் கோழிக்கூட்டில் உட்கார்ந்தாவது செய்வேன். அக்காவுக்கு என் அன்பு. உங்கள் ஜெபத்தில் என்னையும், முடிந்தால் இரும்புத் தூளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கீழ்ப்படிதலுள்ள மைத்துனன்,
ஆம்ப்ரோஸ்

பி.கு.: உறையில் போடுமுன் வினிஃப்ரெட் இதை வாங்கிப் படித்தாள். இரண்டு நாளில் முதல் பேச்சு:

"அன்னைக்கு ஏதுங்க டிராம்? தண்டவாளத்துல பீர் வண்டி கவுந்து, காலையிலேர்ந்து ஒண்ணும் ஓடல. நான் நடந்துதான் போனேன். மிஸஸ் பியூ வீட்டுக் கடிகாரம் அஞ்சு நிமிஷம் வேகமாம், அப்புறம்தான் சொன்னா. அதுல பதினொண்ணு ஆனதும் அழுத்தினேன். அடிச்சது என் மணி!"

ஆகவே மேலே எழுதிய தோல்வியை அடித்துவிடவும். அலை வந்தது, அதை நம்பாத ஒரே ஆள் நான். நாளைக் காலை முதல் வேலையாக ஹிண்ட்லி வீட்டுக் கதவைத் தட்டப்போகிறோம். கோபுரம் அப்போதும் வேண்டும். பேசுவது இனி அவளாம். நான் தூளைத் தட்டினால் போதுமாம்.