லிஃப்டுக்குள் நடந்த தத்து விசாரணை

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

மைத்துனன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் என் மனைவியும் சுகம். அங்கு அக்காவும் நீங்களும் சுகமாக இருப்பீர்கள், அதனால் இந்தச் செய்தியைத் தாங்கிக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் பிள்ளையைத் தத்தெடுக்கிற காரியம் அநேகமாகக் கெட்டுவிட்டது. ஆகவே பார்க்க வருவதற்கு டிக்கெட் எடுக்க வேண்டாம்.

சட்டம் கேட்டதையெல்லாம் ஒழுங்காகத்தான் கொடுத்து வந்தோம். என் மேல் வழக்கு இல்லையென்று போலீஸ் சான்றிதழ் வேண்டுமாம், ஸ்டேஷனில் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "தப்பு பண்ணவனைப் பத்தின்னா பக்கம் பக்கமா எழுதுவேன். ஒண்ணுமே பண்ணாத ஆளைப் பத்தி என்னத்த எழுத?" என்று குழம்பினார். டாக்டரோ நாக்கை நீட்டச் சொல்லிவிட்டு, "பிள்ளை வளர்க்கத் தகுதின்னு எழுதணுமாமே, அது உடம்புல எந்த இடத்துல இருக்கும்?" என்று என்னையே கேட்டார். அப்புறம் எங்களை அறிந்தவர் ஒருவரின் நற்சான்று. அதற்குத்தான் உங்களை நம்பினேன். 'இவரை நெடுநாளாகத் தெரியும். கெட்ட பழக்கம் கிடையாது. நல்ல பழக்கமும் சட்டென்று நினைவுக்கு வரவில்லை' என்று எழுதி அனுப்பியிருந்தீர்களே! உண்மைதான், இருந்தாலும் அத்தான்! தாங்களே பிள்ளை பெறுகிறவர்களை யாரும் இப்படிக் கேட்பதில்லை; இந்தச் சட்டத்தை எழுதினவர் யார், அவருக்குப் பிள்ளைகள் உண்டா, அவரைப் பற்றி யார் நற்சான்று கொடுத்தார்கள் என்று எனக்கு ஒரே யோசனை.

கடைசியாக நேற்று வீட்டைப் பார்க்க அதிகாரி அம்மா வந்தார்கள். என் மனைவி கீழே போய் அழைத்துவர, ரெண்டு பேரும் ஏறின லிஃப்ட் எங்க மாடிக்குக் கொஞ்சம் கீழேயே நின்னுபோச்சு. ஊர்ல உள்ள லிஃப்டையெல்லாம் சரி பண்றவன் வீட்டு லிஃப்ட்! மானம் போச்சேன்னு ஸ்பேனரை எடுத்துக்கிட்டு, எங்க மாடிக் கதவைச் சாவி போட்டுத் திறந்து, லிஃப்டோட கூரை மேல இறங்கினேன். கீழேருந்து அந்த அம்மா குரல் பதட்டமே இல்லாம கேக்குது: "புருஷன் பொண்டாட்டியைத் தனித்தனியா விசாரிக்கணும்னு விதி. இப்பத் தனியாத்தானே இருக்கோம், ஆரம்பிக்கலாமா? உங்க வீட்டுக்காரர் கோபக்காரரா?"

"கோபம் வந்தா வாயைத் திறக்க மாட்டாருங்க. வராட்டியும் திறக்க மாட்டாரு. எது எப்பன்னு நானும் இத்தனை வருஷமாப் பாக்கறேன், பிடிபடல."

எனக்கே இது புதுசு. வேலையைக் கொஞ்சம் மெதுவாப் பண்ணலாமேன்னு தோணிச்சு.

"எதுக்குக் குழந்தை வேணும்னு நினைக்கிறீங்க?"

நாங்க மனப்பாடம் பண்ணி வெச்ச பதிலை அவ சொல்லல. மெதுவா, "எதிர்வீட்டுக் குழந்தை சைக்கிள்லேருந்து விழுந்தா நானும் எழுந்து ஓடறேங்க. அது என்னைத் தாண்டி அதோட அம்மாகிட்ட ஓடுது. ஒரு தடவையாவது என்கிட்ட ஓடி வந்தா போதும்" அப்படின்னா. அத்தான், ஒரே வீட்ல இருக்கேன், இது எனக்குத் தெரியாது. கண்ணைத் துடைச்சதுல மூஞ்சியெல்லாம் கிரீஸ்.

"மேலே சத்தமே காணோம்? இருக்கீங்களா?"

"இருக்கேன் மேடம்!"

ஒரு வழியா லிஃப்டைச் சரி பண்ணி, அவங்க வெளியே வந்ததும் அதே கேள்வியை என்கிட்ட கேட்டாங்க. எனக்கு எல்லாம் மறந்துபோய், "அவ சொன்னதேதான் மேடம்"னு சொல்லித் தொலைச்சேன். "ஓஹோ, கேட்டுக்கிட்டு இருந்தீங்களா?"ன்னு ஏதோ குறிச்சுக்கிட்டு, டீயைப் பாதியில வெச்சுட்டு, மாடிப்படி வழியாவே இறங்கிப் போயிட்டாங்க. அவ்வளவுதான், முடிஞ்சது. ராத்திரி அவ எதுவும் கேக்கல. நானும் வாயைத் திறக்கல.

அக்காவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். உங்கள் பெண்கள் இருவரும் குறையொன்றும் இல்லாமல் வளரட்டும்.

உங்கள் அன்புள்ள
மைத்துனன்

பி.கு.: மேலே உள்ளதையெல்லாம் அடிச்சுடுங்க. கவரை ஒட்டும்போது அதிகாரி அம்மா போன் பண்ணாங்க. எங்களுக்குத் தகுதி இருக்குன்னு எழுதிட்டாங்களாம்! ஆனா எங்க வயசுக்குக் கைக்குழந்தை கிடையாதாம்; ஆறு வயசுப் பொண்ணு ஒருத்தி இருக்காளாம். விவரம் தெரிஞ்ச பிள்ளைன்னா அதோட சம்மதத்தையும் கேக்கணும்கறது சட்டம். "பிடிக்கலைன்னா திரும்பி வந்துடலாமா?"ன்னு கேட்டாளாம். வரலாம்னு சொன்ன பிறகுதான் எங்களைப் பாக்க ஒத்துக்கிட்டாளாம். ஞாயித்துக்கிழமை வரா. அத்தான், ரெண்டு பொண்ணு பெத்தவர் நீங்க, உடனே போன் பண்ணிச் சொல்லுங்க: ஆறு வயசுப் பொண்ணுக்கு எந்தக் கலர் சட்டை போட்ட ஆளைப் பிடிக்கும்?