பதினேழு ஒன்றுகள்

திருவனந்தபுரம் கழக்கூட்டம் ஐ.டி. பார்க்கில் மூளைக்காரர்களுக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் அந்த மூளையைத் தேவையே இல்லாத இடத்தில் செலவழித்ததில் எங்கள் ஆபீஸ் மீதி சாரை மிஞ்ச உலகத்திலேயே ஆள் இல்லை. எந்த எண்ணைப் பார்த்தாலும் ஏழால் வகுத்து மீதி சொல்வார். மீதி வருகிற நம்பர் உள்ள பஸ்ஸில் ஏற மாட்டார். அதனால் தினமும் லேட்.

நாகர்கோவில்காரர். ஐம்பது வயது, கல்யாணம் இல்லை. மாடியில் அவரும் நானும் எதிரெதிர் ஃபிளாட். கீழே வீட்டுக்கார மாமி, கரமனை அக்ரஹாரத்திலிருந்து வந்தவர்; பேச்சில் மலையாளம் கலக்கும்.

ஒரு மழைக்காலத்தில், பூட்டிய அவர் ஃபிளாட்டுக்குள்ளிருந்து பகலெல்லாம் ஒரு பெண் குரல் கேட்க ஆரம்பித்தது. ஒரு எண் சொல்லும். கொஞ்ச நேரம் மௌனம். பிறகு, "இல்ல." அடுத்த எண். மௌனம். "இல்ல." கரண்ட் போனாலும் நிற்கவில்லை. எனக்கு மாடியேறவே கால் வரவில்லை. மாமி என்னைப் பிடித்துக்கொண்டார்.

"உள்ள ஒரு பொண்ணு இருக்காளோன்னு சம்சயமா இருக்கு, கேட்டோ. பாவம், எதுக்கெடுத்தாலும் இல்லே இல்லேங்கறா. இவன் அப்படி என்னதான் கேக்கறான்?"

மாலையில் மீதி சார் கதவைத் திறந்து காட்டினார். ஒரு மேஜை, ஒரு லேப்டாப், அவ்வளவுதான். பதினேழு ஒன்றுகளை வரிசையாக எழுதினால் வருகிற எண், எந்தப் பகா எண்ணாலாவது மீதியில்லாமல் வகுபடுமா என்று அது ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருந்தது. ஒரு நொடியில் விடை வந்துவிடுமே என்றேன். எண்ணை அவசரப்படுத்துவது மரியாதையில்லையாம். வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்து, குரலும் கொடுத்திருக்கிறார்.

"எதுவும் வகுக்காது, பாத்துக்கிடும். இதும் என்னைய மாதி ஒத்தைதான்."

அவர் அதைப் பெருமையாகச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த வாரமே காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். நிறுத்தக் கூடாது, நெட்டில் விடை பார்க்கவும் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு சாவியைத் தந்தார். நான் லீவு போட்டுக் காவல் இருந்தேன். கூரியர்காரர் கதவைத் தட்டி, சார் உண்டா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளிருந்து, "இல்ல." அந்த மனிதர் போய்விட்டார்.

ஒரு மத்தியானம், மாமி வாசலில் நிற்கும்போது, குரல் ஒரு எண்ணைச் சொன்னது. மௌனம். பிறகு, "உண்டு."

அதோடு நின்றுவிட்டது. வாரக்கணக்கில் கேட்ட அத்தனை இல்லைகளையும்விட அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இருவரும் நடுங்கினோம்.

ஆஸ்பத்திரியில் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நின்றேன். மனிதர் தன்னையே அந்த எண்ணில் வைத்திருந்தாரே. என் முகத்தைப் பார்த்து அவரே கேட்டார், எந்த எண் வகுத்ததென்று.

"இருபது லட்சத்து எழுபத்தோராயிரத்து எழுநூத்தி இருபத்திமூணு, சார்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவ்வளவு தூரத்துலயா இருந்திச்சு? நடுவுல நிறுத்தியிருந்தா, ஒத்தைன்னே நம்பியிருப்பேன்."

இப்போது வேலையை விட்டுவிட்டு சாலைக் கடைத்தெருப் பக்கம் தனியாக இருக்கிறார். போன் செய்தால் லேசில் எடுக்க மாட்டார். எடுக்கிற வரைக்கும் நான் விடுவதில்லை.