வாய்க்கால் வரிசையில் கம்ப்யூட்டர் பாடம்

பயிற்சி வகுப்பில் தூங்கும் ஆசிரியரால் ஊருக்கு அவ்வளவு கெடுதல் இல்லை. சொன்னதை எல்லாம் நம்பிவிட்டு வரும் ஆசிரியரால்தான் ஆபத்து. நான் முன்வரிசையில் உட்கார்ந்து, கண் கொட்டாமல் கேட்டு, தலையாட்டிவிட்டு வந்தவள்.

அரசுப் பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிது. டெல்டாவில் இருக்கும் குத்தாலத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஒப்பந்த ஆசிரியையாகச் சேர்ந்தேன். கல்யாணமாகாத காலம். தஞ்சாவூர் டவுனில் பிறந்து வளர்ந்ததால், தண்ணீர் என்றால் எனக்குக் குழாயில் வருவது. (குழாயில் வராத நாளில் லாரியில் வருவது.)

நான்கு கம்ப்யூட்டர்களுக்கு ஒரு ஏசி அறை ஒதுக்கியிருந்தார்கள். தூசி ஆகாது என்பதால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். அந்த ஊரில் செருப்பைக் கழற்ற வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று கோயில், இன்னொன்று என் அறை. இரண்டிலும் கீழத்தெருக்காரர்கள் வாசலோடு நின்றுகொண்டார்கள். கோயில் வாசலில் அவர்களை நிறுத்தியது ஊர். என் வாசலில் யாரும் நிறுத்தாமலே நின்றார்கள்.

பிளஸ் ஒன் கம்ப்யூட்டர் குரூப்பில் இருபது பேராவது சேர வேண்டும். சேராவிட்டால் குரூப்பை மூடிவிடுவார்கள், நானும் தஞ்சாவூருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். அதுவரை சேர்ந்தது பதினொரு பேர். அத்தனையும் மேலத்தெருப் பையன்கள். ஒரு பெண் பிள்ளைகூட இல்லை. பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே கணக்கில் முதலாவதாக வந்த செல்வி, வரலாறு குரூப் கேட்டிருந்தாள்.

"ஏம்மா செல்வி, கம்ப்யூட்டர் புடிக்கலையா?"

"புடிக்கும் டீச்சர். ஆனா அது எங்களுக்கு இல்லையே."

'நாளைக்குப் பஸ் இல்லை' என்று தகவல் சொல்கிற மாதிரி சொன்னாள். அன்று இரவே செல்வியைச் சேர்க்காமல் விடுவதில்லை என்று முடிவெடுத்தேன். என் வேலை தப்பிப்பது இரண்டாம் பட்சம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். (பொய்.)

தலைமையாசிரியர் ஒரு யோசனை சொன்னார். "ரெண்டு தெரு ஆளுங்களையும் கூப்புட்டு கம்ப்யூட்டர ஓட்டிக் காட்டிடுங்கம்மா. பாத்தா சேத்துடுவாங்க." ஒரு சனிக்கிழமை கூட்டம் போட்டோம். கூட்டம் நிறைந்ததும் கரண்ட் போய்விட்டது.

அப்போதுதான் பயிற்சி வகுப்பு ஞாபகத்துக்கு வந்தது. 'உள்ளூர் வாழ்க்கையிலிருந்து உதாரணம் காட்டுங்கள்.' எல்லோரையும் மைதானத்துக்கு அழைத்துப் போனேன்.

"கம்ப்யூட்டர் எப்படி வரிசைப்படுத்துதுன்னு நாமே செஞ்சு பாப்போம். வயல் இருக்கறவங்க எல்லாரும் வரிசையா நில்லுங்க. பக்கத்துல நிக்கிறவர மட்டும் கேளுங்க, வாய்க்கால்ல வர்ற தண்ணி யார் வயலுக்கு மொதல்ல பாயும்னு. மொதல்ல பாயிறவர் எடது பக்கம் வந்துடணும். யாரும் மாற வேண்டியதில்லைன்னு ஆயிட்டா வேலை முடிஞ்சுது."

தலைமையாசிரியர் அவசரமாக என் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கையமர்த்திவிட்டேன்.

அது ஜூன் மாதம். மேட்டூர் திறந்து, தண்ணீர் அப்போதுதான் வாய்க்காலில் எட்டிப் பார்த்திருந்தது. தலைமடைக்காரர்கள் தண்ணீரை மறித்துக்கொண்டார்கள் என்று கடைமடைக்காரர்கள் கொதித்துக்கொண்டிருந்தார்கள். இது எதுவும் எனக்குத் தெரியாது.

முதலில் பிரமாதமாகப் போனது. பிறகு கோவிந்தசாமியும் ராஜமாணிக்கமும் அடுத்தடுத்து வந்தார்கள். இருவரும் பங்காளிகள். இருவருக்கும் நடுவே ஒரு வயல், அதற்கு ஒரு மடை, அதன்மேல் நான் பிறப்பதற்கு முன்பே போட்ட ஒரு வழக்கு. பல வருஷங்களாக அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. நான் பேச வைத்தேன்.

"எனக்குப் பாஞ்சப்பறந்தான் உனக்கு" என்று கோவிந்தசாமி இடது பக்கம் வந்தார்.

"பாருங்க, மாறிட்டாங்க!" என்று நான் கைதட்டினேன்.

"மடையே என்னுது. தள்ளு" என்று ராஜமாணிக்கம் அவரைத் தள்ளிக்கொண்டு இடது பக்கம் வந்தார்.

"மறுபடி மாறிட்டாங்க!"

கணினி அறிவியலில் இதற்கு முடிவில்லாச் சுழற்சி என்று பெயர். அதை நிறுத்த விசைப்பலகையில் ஒரு வழி உண்டு, மைதானத்தில் கிடையாது. அடுத்த சுற்றில் துண்டு கீழே விழுந்தது. அதற்கடுத்த சுற்றில் சட்டை கிழிந்தது. "ஒங்க சண்டையில எங்களுக்கு ஒரு சொட்டு வரலய்யா" என்று வரிசையின் கடைசி ஓடி வந்தது. தலைமையாசிரியர் நடுவில் புகுந்து ஒரு செருப்பை இழந்தார்.

அந்தக் களேபரத்தில் என் அருகே ஒரு குரல் கேட்டது. செல்வியின் அம்மா அஞ்சம்மாள். கீழத்தெருக்காரர்கள் மொத்தமும் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார்கள். நான் அவர்களைப் பார்க்கவே இல்லை.

"டீச்சர், நெலம் இல்லாதவங்க எங்க நிக்கிறதுங்க?"

குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். என் வாழ்நாளில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. அவர்களைச் சேர்ப்பதற்காகக் கூட்டம் போட்டு, அவர்கள் நிற்கவே முடியாத ஒரு வரிசையை நானே உண்டாக்கியிருந்தேன். அஞ்சம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார்.

"நில்லு அஞ்சம்மா" என்றார் கோவிந்தசாமியின் மனைவி கமலா. கணவரின் கிழிந்த சட்டையை ஒருமுறை பார்த்தார். "எங்களுக்கு மட்டும் நெலம் என்ன வாழுது? எல்லாம் இவங்க பேர்லதான் இருக்கு. இவங்க அடிச்சிக்கிட்டுக் கெடக்கட்டும். பொம்பளைங்க நாம நிப்போம். எத வச்சு நிக்கிறது, சொல்லுங்க டீச்சர்."

நான் உற்சாகமாக வாயைத் திறந்தேன்.

"டீச்சர், நீங்க சொல்லாதீங்க" என்றாள் செல்வி.

திறந்த வாயை மூடிக்கொண்டேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "யாரு மொதல்ல இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தாங்களோ, அவங்க எடது பக்கம்" என்றாள்.

இரண்டு தெருப் பெண்களும் ஒரே வரிசையில் கலந்தார்கள். "நான் வந்தப்ப ஒன் மூத்தது தவழ்ந்துக்கிட்டிருந்துச்சு, நீ முன்னாடி போ." "ஆமாக்கா, ஒங்க கல்யாணத்துக்கு நான் வந்து சாப்பிட்டேன்." சிரித்துக்கொண்டே மாறி மாறி நின்றார்கள். ஒரு கட்டத்தில் யாருமே மாற வேண்டியிருக்கவில்லை. அஞ்சம்மாளுக்கு அடுத்து கமலா நின்றார். "முடிஞ்சிருச்சு டீச்சர்" என்றாள் செல்வி.

"இம்புட்டுத்தானா கம்ப்யூட்டரு?" என்றார் அஞ்சம்மாள். "அப்ப இவளச் சேத்துக்கங்க."

திங்கட்கிழமை செல்வியோடு பன்னிரண்டு பெண் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். குரூப் பிழைத்தது, நானும் பிழைத்தேன். செருப்பு விதியை எடுத்துவிட்டேன். கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை.

கொஞ்ச நாள் கழித்து ராஜமாணிக்கத்தின் வக்கீல் வந்தார். அவருடைய கட்சிக்காரர் வயலுக்குத்தான் முதலில் தண்ணீர் என்று பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரே சொல்லிவிட்டதாமே, கோர்ட்டில் வந்து சொல்ல முடியுமா என்று கேட்டார். அன்று கரண்டே இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.

செல்வி இன்று சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருக்கிறாள். எங்கள் வீட்டுக்கு வந்த ஒருநாள் இந்தக் கதையை முழுவதும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அன்றிலிருந்து நான் எதையாவது விளக்க, "உதாரணத்துக்கு..." என்று தொடங்கினால் போதும். கணவர் கையெடுத்துக் கும்பிடுகிறார். அந்த மைதானத்தைக் கண்ணால்கூடப் பார்த்திராத என் மகள், புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொல்கிறாள்:

"டீச்சர், நீங்க சொல்லாதீங்க."