தூணைச் சுற்றி ஒரு வீடு

மதிப்பிற்குரிய சித்தப்பாவுக்கு,

இங்கே நான் நலம், வீடு நலம், தூணும் நலம். அங்கே நீங்களும் சித்தியும் உங்கள் வலது முழங்காலும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் தரைச் சரிவை அளக்கும் ரசமட்டத்தோடு வந்து, வீட்டைப் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் அம்மா உங்கள் வீட்டை விட்டு என்னோடு வந்து இருக்கலாம் என்பது உங்கள் தீர்ப்பு. அதனால் முன்கூட்டியே கொஞ்சம் பெருமையடித்துக்கொள்கிறேன்.

வீடு பார்க்க வந்த முதல் நாள் கூடத்தின் நடுவே நிற்கும் தூணைப் பார்த்து, "இது வீடா, மண்டபமா?" என்று கேட்டீர்கள். பிறகு அதை இரண்டு தட்டுத் தட்டி, "மேல இருக்கிற மூணு மாடியையும் இதுதான் தாங்குது, கை வெச்சுடாதே" என்றீர்கள். முப்பத்தைந்து வருஷம் கட்டடம் கட்டியவர் சொல்லை மீறலாமா? தூணை அசைக்க முடியாதென்றால் வீட்டைத்தான் அதற்கேற்ப வளைக்க வேண்டும். தூணைச் சுற்றி எட்டுப் பக்கத்திலும் புத்தக அலமாரி போட்டேன். நாவல்கள் ஜன்னலைப் பார்க்கின்றன, அகராதிகள் சமையலறையைப் பார்க்கின்றன. சுவர் எதுவும் நேராக இல்லையே என்று கவலைப்பட்டதற்கு அலமாரி செய்த ஆசாரி, "சுவரு கோணல்னா சாமானையும் கோணலாத்தான் செய்யணும்மா, நேரா செஞ்சா அதுதான் கோணலாத் தெரியும்" என்றார். தரையும் சரிவு. வாசலில் விழுந்த எலுமிச்சம்பழம் ஜன்னலடியில் போய்த்தான் நிற்கும், ஆகவே என் மேசையை ஜன்னலடியில் போட்டேன், இப்போது பேனா, பொத்தான், காதுத்திருகு என்று தொலைவதெல்லாம் தானாக என் காலடிக்கு வந்துவிடுகிறது. சாப்பாட்டு மேசைக்கு ஆசாரி நாலு காலும் நாலு உயரத்தில் செய்து, ஒவ்வொன்றிலும் எண் எழுதி, "இந்த மேசைய மட்டும் திருப்பிடாதீங்க"ன்னு கெஞ்சிட்டுப் போனார். நான் பெருக்கித் துடைத்த சுறுசுறுப்பில் திருப்பிப் போட்டுவிட்டேன். தட்டு மெதுவா நகர்ந்து வந்து மடியிலேயே உட்கார்ந்துடுச்சு, நானும் விட்டேனா, மடியிலேயே வெச்சுச் சாப்பிட்டு முடிச்சேன். மறுபடி சரியாகப் போட்டபின் டம்ளரில் தண்ணீர்கூட அசையவில்லை. சித்தப்பா, எந்த வீட்டுச் சாமானும் இங்கே பொருந்தாது. இங்கிருக்கும் சாமானும் எந்த வீட்டிலும் பொருந்தாது. இனி என்னை இங்கிருந்து கிளப்ப முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நல்ல வார்த்தை சொல்லிவிடுங்கள். சித்திக்கு என் அன்பு. உங்கள் முழங்காலுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

உங்கள் அண்ணன் மகள்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது, உட்கூரைக்கு வண்ணமடிக்க ஏணியில் ஏறிய பெயின்டர் தூணின் தலையைச் சுற்றியிருந்த மரச்சட்டத்தைக் கழற்றிவிட்டு, "அக்கா, கை அந்தப் பக்கம் வருதே! தூணு கூரைய முட்டவே இல்ல" என்றார். எட்டிப் பார்த்தேன். நாலு விரல் இடைவெளி. அது எதையும் தாங்கவில்லை. என் அலமாரிதான் அதைத் தாங்குகிறது. எடுத்துவிடலாமா என்று அம்மாவைக் கேட்டேன். ஆமாம், அம்மா இங்கேதான் இருக்கிறாள். சிநேகிதி வீட்டில் நாலு நாள் தங்கப் போவதாக உங்களிடம் சொல்லிவிட்டு முந்தாநாள் கிளம்பினாளே, வந்த இடம் இதுதான். நாலு நாளுக்கு யாராவது தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு போவார்களா, சித்தப்பா? நீங்கள்தான் வண்டியில் ஏற்றிவிட்டீர்களாம். அம்மா தூணை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இருக்கட்டும்டி. உன் சித்தப்பாவும் எல்லாத்தையும் தானே தாங்கறதா நெனச்சுட்டுத்தான் நிக்கிறாரு. அவரை எடுத்துட்டோமா என்ன?"